கூட்டத்துக்கு வராதவர் கட்டிய காசு

வணக்கம் நேயர்களே. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, தீயணைப்புச் சரித்திரத்தில் என் கண் முதலில் தோல் வாளி மேல்தான் விழுந்தது.

1736 டிசம்பர் 7. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் முயற்சியில் யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கியது. உறுப்பினர்கள் சுமார் 30 பேர், யாருக்கும் சம்பளமில்லை. தண்ணீருக்குத் தோல் வாளி, சாமான்களை அள்ளி வெளியேற்றக் கெட்டித் துணிப்பை, இரண்டையும் அவரவர் செலவில் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு சாயங்காலம் கூடிப் பேசுவார்கள். வராதவருக்கு அபராதம். அந்தக் காசில்தான் தண்ணீர் இறைக்கும் இயந்திரம், ஏணி, கொக்கி எல்லாம் வாங்கினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நம்ம கமிட்டிகளில் வந்தவரிடம்தானே வசூல்? வராதவர் தப்பித்துவிடுவார்!

மும்பையில் தீயணைப்பது மாநகராட்சி வேலை. அதன் விலையும் நமக்குத் தெரியும். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் பற்றிக்கொண்டது. உள்ளே பஞ்சுப் பொதிகள், கூடவே சுமார் 1,400 டன் வெடிபொருள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் திரும்பவில்லை. நாடு முழுக்கத் தீயணைப்பு வாரம் அந்தத் தேதியில் தொடங்குவது அதனால்தான்.

ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் ஃபயர் என்ஜின் எங்கள் தாராவியின் 90 அடி ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. தலைக்கு மேல் ஒயர், வாசலுக்கு வாசல் நீல டிரம், மாடிக்கு நிமிர்ந்து நிற்கும் இரும்பு ஏணி. ஹோஸ் உள்ளே வரும்வரை அந்தச் சந்துக்காரர்கள்தான் தீயணைப்புப் படை. யார் ஓடிப்போய் மெயினை அணைப்பது? அதை அணைக்காமல் எரிகிற ஒயரில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவரையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும். பக்கத்து வீட்டு சிலிண்டரை மூடி வெளியே எடுப்பது யார்? மாடியில் படுத்திருக்கும் பாட்டியை அந்த ஏணியில் இறக்குவது யார்?

நம்ம பையன்கள் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. முன்கூட்டியே ஆள் பிரித்து வைக்கலாமே என்கிறேன். மாதம் ஒரு கூட்டம், வராதவருக்கு அபராதம், அந்தக் காசில் நல்ல டார்ச், கயிறு, மணல் வாளி. முதல் கூட்டத்தில் மீட்டர் பெட்டிச் சாவி யாரிடம் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் சந்தில் கேட்டேன், ஆளுக்கொரு வீட்டைக் காட்டினார்கள்.