பி அறையும் பாம்புக் கதவும்: திருவனந்தபுரத்து நிலவறைகளின் கதை

(திரை இருட்டு. ஒரு பழைய பூட்டின் மேல் மெல்ல வெளிச்சம் விழுகிறது.)

இரண்டு நாகங்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பெரிய கதவின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பூட்டு கிடையாது, சாவித்துளை கிடையாது, கருட மந்திரத்தைச் சொன்னால்தான் திறக்கும், ஓர் எழுத்து பிசகினாலும் சொன்னவருக்கு மரணம் என்று கீழே எழுதியிருக்கும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பி அறைக் கதவு இதுதான் என்றும் போட்டிருப்பார்கள்.

அந்தப் படத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். அந்தக் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதியே இல்லை. 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோடு போன குழு அங்கே கண்டது ஒரு கம்பிக் கதவு, அதற்குள் ஒரு மரக் கதவு, அப்புறம் ஓர் இரும்புக் கதவு. அந்த இரும்புக் கதவு இறுகிப்போய், அசைய மறுத்தது.

சரி, பாம்புகள் எங்கிருந்து வந்தன? யார் சொன்ன சாபம் அது? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

(காட்சி: கோபுரம், பத்மதீர்த்தக் குளம்.)

நம்மாழ்வார் பாடிய தலம் இது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அனந்தன் மேல் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுதாகத் தரிசிக்க முடியும். முகம் ஒரு வாசலில், நாபி ஒரு வாசலில், பாதம் ஒரு வாசலில். நாகத்தின் மேல் படுத்திருக்கும் சாமியின் சொத்தை நாகம் காக்கிறது என்று ஊர் நம்பியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? புதையல் காத்த பூதம் என்று நாமும் சொல்வோம் இல்லையா, அதே மண்ணின் பேச்சுதான்.

இந்த அறைகளை மலையாளத்தில் ‘கல்லற’ என்பார்கள். நமக்குக் கல்லறை என்றதும் சமாதிதான் மனதில் வரும். இங்கே அது கல்லால் கட்டிய அறை, கோயிலின் கருவூலம். நிலவறை என்றும் சொல்வதுண்டு. ஏ, பி, சி என்ற எழுத்துகள் வழக்குக்காகப் பிறகு வைத்த அடையாளங்கள். முதலில் ஆறு அறைகள். கணக்கெடுப்பு நடந்தபோது இன்னும் இரண்டு தெரியவந்தன.

பி அறையைச் சுற்றி ஒரு கதையா, இரண்டு கதையா? சித்தர்கள் நாகபந்தம் என்ற மந்திரக் கட்டுப் போட்டுக் கட்டிவைத்தார்கள் என்பது ஒன்று. கதவில் காதை வைத்தால் கடல் இரைச்சல் கேட்கும், திறந்தால் கடல் ஊருக்குள் வந்துவிடும் என்பது இன்னொன்று. கடல் அங்கிருந்து வெகுதூரம் இல்லைதான். ஆண்டுக்கு இரண்டு முறை ஆராட்டு என்ற நீராட்டுக்காகச் சாமி சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார். ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நின்று வழிவிடுகின்றன. இப்படிக் கடலோடு உறவு வைத்திருக்கும் சாமியின் அறைக்குள் கடல் இரைவதாகச் சொல்ல ஊருக்கு எவ்வளவு நேரமாகும்?

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது கதை, யட்சி கதை. காஞ்சிரோட்டு யட்சி என்று பெயர். காஞ்சிரகோடு இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரில் சிருதேவி என்று ஓர் அழகி. அரச குடும்பத்து ராமன் தம்பிக்கு அவள் மேல் ஆசை. அவளுக்கோ பல்லக்குத் தூக்கும் குஞ்ஞுராமன் மேல் ஆசை. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள். அந்த மனைவியைச் சிருதேவி கொல்லச் செய்தாள். விஷயம் தெரிந்ததும் குஞ்ஞுராமன் சிருதேவியைக் கொன்றான். அவள் யட்சியாகப் பிறந்து அவனை வாட்டினாள். கடைசியில் அவளை ஒரு கோயிலில் குடிவைத்தார்கள். பின்னாளில் பத்மநாபனிடம் வந்து சேர்ந்து, இப்போது பி அறைக்குள் பெருமாளைத் தியானித்துக்கொண்டிருக்கிறாள் என்பது நம்பிக்கை. கேட்டால் சிலிர்க்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இதில் தங்கம் எங்கேயும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு வந்து அமர்ந்த ஒருத்தியின் தவத்தைக் கலைக்காதீர்கள் என்பதுதான் கதை சொல்வது.

(காட்சி: பழைய நாளிதழ்த் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக.)

பாம்புக்கு எழுத்திலேயே ஒரு தடயம் கிடைக்கிறது. 1933-ல் எமிலி ஹாட்ச் என்பவர் திருவிதாங்கூருக்கு வரும் பயணிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது சிலர் தீப்பந்தத்தோடு நிலவறைக்குள் இறங்கப் பார்த்ததாகவும், உள்ளே நாகப்பாம்புகளைக் கண்டு உயிர் தப்பி ஓடிவந்ததாகவும் அதில் இருக்கிறது. நடந்திருக்க முடியாத விஷயமே இல்லை. குளத்துக்குப் பக்கத்தில், மனிதர் நடமாட்டம் இல்லாத, குளிர்ந்த கல் இடுக்கு. எலி அங்கே போகும், எலிக்குப் பின்னால் பாம்பு போகும்.

அந்தக் கையேடு வருவதற்கு முன்பே, 1931 டிசம்பரில், மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் முன்னிலையில் ஒரு நிலவறை திறக்கப்பட்டிருக்கிறது. துருப்பிடித்த கதவைத் திறக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனதாகச் செய்தி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1936-ல், எல்லாச் சாதியினருக்கும் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டவரும் இதே மகாராஜாதான். அவர் திறந்ததிலேயே பெரிய கதவு எது என்று கேட்டால், நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன்.

(காட்சி: 2011. கோயில் வாசலில் காவலர்கள்.)

இனி 2011-க்கு வருவோம். டி.பி. சுந்தரராஜன், முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி, வழக்கறிஞர். கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பக்தர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கையில் இருந்த கோயில் நிர்வாகம் சரியில்லை என்று வழக்குப் போட்டார். ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், கோயிலை மாநில அரசு ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கூடவே, அறைகளில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் சொன்னது. ஜூன் 27-ல் வேலை தொடங்கியது.

ஏ அறையில் தரைக் கல்லைப் பெயர்த்தார்கள். கீழே குறுகலான படிகள், இருட்டு. மரப்பெட்டிகள் உளுத்து உதிர்ந்து, உள்ளே இருந்த மணிகளும் காசுகளும் தரையில் சிதறிக் கிடந்தன. நிலா இல்லாத இரவில் வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பதுபோல இருந்தது என்று உள்ளே எட்டிப் பார்த்த ஒருவர் பின்னர் சொன்னார். பதினெட்டு அடிச் சங்கிலி, மூட்டை மூட்டையாகப் பொற்காசுகள் என்று செய்திகள் பறந்தன. ஒரு லட்சம் கோடி என்ற தொகை அப்போதுதான் பிறந்தது. அது நீதிமன்றம் மதிப்பிட்ட தொகை இல்லை, ஊடகங்களில் உலவிய தொகை.

பி அறையின் இரும்புக் கதவு அசையாததால் பூட்டுத் தொழிலாளியை அழைக்க ஏற்பாடு நடந்தது. அதற்குள் அரச குடும்பம் நீதிமன்றத்தை அணுகியது, வேலை நின்றது. ஜூலை 17-ல் சுந்தரராஜன் காய்ச்சலில் காலமானார். ஆகஸ்டில் தேவப்பிரசன்னம் நடந்தது, அதாவது சாமியின் விருப்பத்தை அறிய ஜோதிடம் பார்ப்பது. அதில், பி அறையைத் திறந்தால் தெய்வ கோபம் வரும் என்று ஜோதிடர்கள் சொன்னார்கள். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துத்தான் இன்றைய சாபக் கதை தயாரானது.

சுந்தரராஜனுக்கு வயது எழுபது. பெருமாளின் சொத்து சரியாக இருக்கிறதா என்று கேட்ட ஒரு பக்தரைப் பெருமாளே தண்டித்தார் என்று சொல்வது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. எந்தப் பெருமாளைப் பற்றி அப்படிப் பேசுகிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராயிடம் கோயில் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அவருடைய அறிக்கைப்படி பி அறை 1990-ல் இரண்டு முறையும் 2002-ல் ஐந்து முறையும் திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தது முன்னறையைத்தான், உள்ளறையை இல்லை என்பது அரச குடும்பத்தின் பதில். எப்படியிருந்தாலும், வீடியோக்கள் சொல்வதுபோல யாரும் நெருங்காத கதவு இல்லை அது. அதே அறிக்கை 769 தங்கக் குடங்களைக் காணவில்லை என்றும் சொன்னது. பாம்புக் கதவைப் பற்றி ஆயிரம் வீடியோ வந்திருக்கும். இந்தக் குடங்களைப் பற்றி எத்தனை பார்த்தீர்கள்?

(காட்சி: பூரி கோயில், பெரிய வீதி.)

பாம்புக் கதையை நேரடியாகச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயில். அங்கே கருவூலத்துக்கு ரத்ன பண்டார் என்று பெயர். 2024-ல் திறப்பதற்கு முன் கடைசியாக முழுப் பட்டியல் எடுத்தது 1978-ல். உள்ளறையில் நாகங்கள் காவல் இருக்கின்றன, சீறல் கேட்கிறது என்று அங்கேயும் பேச்சு. 2018-ல் உள்ளறைச் சாவியே காணவில்லை என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. 2024 ஜூலை 14-ல் திறந்தபோது பாம்பு பிடிப்பவர்களைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். இருந்த சாவிகள் பொருந்தாமல் பூட்டுகளை உடைத்தார்கள். உள்ளே ஒரு பாம்பும் இல்லை.

(காட்சி: கல்வெட்டு எழுத்துகள், மிக அருகில்.)

அப்படியென்றால் கோயில் சொத்துக்குச் சாபமே கிடையாதா? உண்டு. கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் பார்க்கலாம். இந்தத் தர்மத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக் கரையிலே காராம் பசுவைக் கொன்ற பாவத்திலே போவான். ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று வீட்டில் பாட்டி சொல்வதும் இதே சாபத்தின் சுருக்கம்தான். அது யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். எடுத்தவன் மேல், அழித்தவன் மேல். கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தவன் மேல் சாபம் போட்ட கல்வெட்டு எதையும் நான் படித்ததில்லை.

எண்ணுவதுதான் மரபாகவே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியலைப் பாருங்கள். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்று ஒரு கல், நகையை நிறுக்க ‘தக்ஷிணமேரு விடங்கன்’ என்று இன்னொரு கல். ஒரு நகையில் எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம், உள்ளே வைத்த அரக்கு உட்பட என்ன எடை என்று ஊரார் படிக்கும்படி சுவரில் எழுதி வைத்தான். தன் சாமியின் சொத்தை ரகசியமாக வைக்க அவன் நினைக்கவில்லை.

திருவனந்தபுரத்திலும் சொத்து வந்த வழியில் மர்மம் இல்லை. அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுப் படையை வென்றவர். மிளகு வணிகத்தை அரசின் கையில் வைத்துக்கொண்டவர். நாட்டை விரிக்க நிறைய ரத்தமும் சிந்தியவர். 1750 ஜனவரியில் அவர் தன் நாடு முழுவதையும் பத்மநாபனுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று பெயர். அதன் பிறகு திருவிதாங்கூர் மன்னர்கள் தங்களைப் பத்மநாபதாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நாடு சாமியுடையது, ஆள்பவன் வேலைக்காரன். தன் எடைக்கு எடை பொன் கொடுக்கும் துலாபுருஷ தானம், பொன் கலத்துக்குள் புகுந்து வெளிவரும் ஹிரண்யகர்ப்பம் என்று சடங்குகளுக்கும் மன்னர்கள் பொன்னாகவே செலவழித்தார்கள்.

2020 ஜூலை 13-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. கோயிலைப் பராமரிக்கும் உரிமை அரச குடும்பத்துக்கு உண்டு. அன்றாட நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம். பி அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குழுவும் ஆலோசனைக் குழுவும் முடிவு செய்யலாம்.

திறக்க வேண்டும் என்பது என் ஆசை. பணத்துக்காக இல்லை, பட்டியலுக்காக. பூஜை முடித்து, கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியின் சம்மதத்தோடு, ஒவ்வொரு பொருளாக எழுதிவிட்டு அதே அறையில் வைத்துப் பூட்டிவிடட்டும். யட்சியின் தவமும் கலையாது.

(காட்சி: கோயில் வாசல், கருங்கல் படி, மணல்.)

திருவிதாங்கூர் அரச குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒரு வழக்கம் சொல்வார்கள். 2013-ல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வரைக்கும் அது தொடர்ந்ததாம். தரிசனம் முடித்து வெளியே வரும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பத்மநாபனின் மணல், ஒரு பொடிகூட வீட்டுக்குப் போகக்கூடாது.