மடியில் கனம்

நடுவர் அவர்களுக்கும், மாசி வீதியின் வெக்கையைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மதுரைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பெரும் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் ஒரு நாட்டில் மிகுவது பாதுகாப்பா, சந்தேகமா என்பது கேள்வி. சந்தேகமே என்பது என் அணி. 'பாதுகாப்பே' என்ற எதிரணி நண்பர், 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குக் கடல்வழியே வந்த பத்துப் பேர் 166 உயிர்களைப் பறித்ததையும், அந்த ஆண்டு முடிவதற்குள் தேசியப் புலனாய்வு முகமை பிறந்ததையும், மறு ஆண்டில் தேசியப் பாதுகாப்புப் படை சென்னைக்கும் வந்ததையும் அழகாக எடுத்துரைத்தார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அமரப் போகும்போது, 'மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சோதனை என்றதும் இவருக்கு ஏன் வியர்க்கிறது?' என்று என்னைக் குத்திவிட்டுப் போனாரே, அதை மட்டும் விடமாட்டேன்.

ஐயா, மடியில் கனத்தோடு பிடிபட்டவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு, என் அப்பத்தாதான். மேலூர்ப் பக்கத்திலிருந்து மீனாட்சியைக் கும்பிட வந்தவரைத் தெற்குக் கோபுர வாசலில் நிறுத்தி மெட்டல் டிடெக்டரைக் காட்டினார்கள், அது கத்தியது. வளையலைக் கழற்றினார், கத்தியது. சாவிக்கொத்தைக் கொடுத்தார், அப்போதும் கத்தியது. பின்னால் நின்ற வரிசை முழுவதும் அப்பத்தாவைப் பார்க்க, பெண் காவலர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்பு விழுந்தது, சுண்ணாம்பு டப்பி விழுந்தது, கடைசியில் கனமாக ஒன்று விழுந்தது: பாக்குவெட்டி! 'இதோடு உள்ளே போக முடியாது பாட்டி' என்றார் காவலர். 'அறுபது வருசமா இதோடதானம்மா வாறேன், ஆத்தா ஒண்ணும் சொல்லலையே' என்றார் அப்பத்தா. எதிரணியும் சிரிக்கிறது, மகிழ்ச்சி. நண்பரே, நீங்கள் சொன்ன மடிக்கனத்தை நிறுத்துப் பார்த்தால் கால் கிலோகூடத் தேறாது.

கனமில்லாதவருக்கும் வழியில் பயம் வந்துவிட்டது என்பதே என் வாதம். குஜராத்தின் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டுத்தான் அந்தக் கொலையாளிகள் மும்பையில் கரையேறினார்கள். அதன் பிறகு கைரேகை பதித்து அடையாள அட்டை வாங்க வேண்டியவர் யார்? நாடெங்கும் கடலோரத்து மீனவர்தான். படகையும் உயிரையும் இழந்தவரிடமே 'நீ யார்' என்றும் கேட்டோம்.

முகமையையும் படையையும் பாடினீர்கள். அன்றிரவு மும்பையின் கிர்காவ் சௌபாத்திக் கடற்கரையில், கையில் லத்தி மட்டுமே வைத்திருந்த காவலர் துக்காராம் ஓம்ப்ளே, தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடலில் வாங்கினார். அதனால்தான் பத்துப் பேரில் ஒருவனாவது உயிரோடு சிக்கினான். பின்னால் நிற்பவர்கள் பாய்ந்து வருவார்கள் என்று நம்பாமலா பிடித்திருப்பார்?

நடுவர் மணியைத் தொடுகிறார். அப்பத்தாவின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. பாக்குவெட்டியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. அதற்குப் பின் அவர் அதை எங்கேயும் கொண்டுபோனதில்லை. சென்ற ஆண்டு என் அடுக்ககத்துக்கு வந்தார். வாசலில் இருந்த காவலாளி, வயதானவர் வருகிறாரே என்று மரியாதையாக எழுந்து நின்றார். அதைப் பார்த்ததும் அப்பத்தா, பேரன் வீட்டு வாசலில், யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.