நீதியரசர் ஆலன் பேஜ்: பெருமை தந்தது நீதிமன்றமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரராக இருந்து, பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலன் பேஜுக்குப் பெரும்பெயர் தந்தது ஆடுகளமா, நீதிமன்றமா என்பது இன்றைய தலைப்பு. நீதிமன்றமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அடுக்கிய சாதனைகளில் ஒன்றைக்கூட நான் குறைத்துப் பேசப் போவதில்லை. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் நின்று, எதிரே பந்தெறிய வந்தவரை மூச்சுவிட விடாதவர் பேஜ். 1971இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதற்கு முன் தடுப்பாட்டக்காரர் எவருக்கும் அந்த விருது போனதில்லை. அவருக்குப் பிறகும் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான் வாங்கினார். நான்கு முறை சூப்பர் போல் என்னும் இறுதிப் போட்டி வரை போய் நான்கிலும் வைக்கிங்ஸ் தோற்றதே என்று நான் குத்திக்காட்டவும் மாட்டேன். குழு ஆட்டத்தின் தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நான் கேட்பதெல்லாம் 1978ஆம் ஆண்டைப் பற்றித்தான். களத்தில் ஆடிக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அந்த ஆண்டில்தான் அவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் அவருடைய அணி அவரைக் கழற்றியும் விட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபாடு வந்து அவர் உடல் எடை குறைந்திருந்தது. இந்த எடையில் இந்த இடத்தில் நின்று ஆட முடியாது என்று நிர்வாகம் முடிவு கட்டியது. சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதற்குக் கட்டிய தொகை 100 டாலர்! ஓர் அணி விடுவித்த வீரரை இன்னோர் அணி எடுக்க விதிப்படியான கட்டணம்தான் அது என்று எதிரணியினர் சொல்லலாம், சொல்லட்டும். மாலை போட்டுக் கொண்டாடிய ஏழே ஆண்டுகளில் ஒரு மாமனிதரை அந்தக் கட்டணத்துக்குக் கைமாற்ற முடிந்ததே, அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. களம் கைவிட்ட ஆண்டில் அவர் கையில் இருந்தது சட்டப் பட்டம்.

ஆட்டத்தில் சம்பாதித்த பெயர்தானே வாக்காக மாறியது என்று சற்று முன் கேட்டார்கள். நல்ல கேள்வி. மின்னசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேஜ் போட்டியிட முனைந்த 1992இல், பதவியில் இருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டார். அந்த இடத்துக்குத் தேர்தலே கிடையாது என்றாகிவிட்டது. கோடி ரசிகர்கள் இருந்தும் என்ன பயன்? வாக்குச் சீட்டில் பெயர் வந்தால்தானே வாக்கு! பேஜ் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுடையது என்பதே வழக்கின் உயிர். வழக்கு வென்றது, தேர்தல் நடந்தது, அவரும் வென்றார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி ஆனார். பெயர் ஒரு தடவை கைகொடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். 1998, 2004, 2010 என்று மேலும் மூன்று முறை மக்கள் அவரைத் திரும்ப அனுப்பினார்களே, அவர் எழுதிய தீர்ப்புகளை எடைபோடாமலா? களத்தில் அவர் ஆடியது 15 பருவங்கள். நீதிபதியாக இருந்ததோ 22 ஆண்டுகள். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதிதான் 2015இல் அவரை எழுப்பிவிட்டது.

அவரே எதைப் பெரிதாக எண்ணினார் என்பதையும் பார்க்க வேண்டும். பேஜ் பிறந்தது ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில். கால்பந்தின் புகழ்மண்டபம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டும்போது பதின்வயதுப் பையனாக அங்கே கூலி வேலை பார்த்தவர் அவர். 1988இல் அதே மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. விழாவில் தம்மை அறிமுகப்படுத்த ஒருவரை அழைக்க வேண்டும். பயிற்சியாளரையோ உடன் ஆடியவரையோ அழைப்பதுதான் வழக்கம். பேஜ் அழைத்தது மின்னசோட்டாவின் மினியாப்பொலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் முதல்வரை. கால்பந்தின் கோயிலில் நின்றுகொண்டு, தம் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தைப் பள்ளிப் படிப்புக்குக் கொடுத்தார். விளையாட்டு ஒரு கதவைத் திறந்துவிடலாம், படிக்காதவனுக்கு அது விரைவிலேயே அறைந்து சாத்தப்படும் என்ற கருத்தை அங்கே சொன்னார். அதே ஆண்டில் மனைவியுடன் சேர்ந்து கல்வி அறக்கட்டளையும் தொடங்கினார். கல்லூரிக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை: வாங்குகிற மாணவர் தம்மைவிடச் சிறிய பிள்ளைகளின் படிப்புக்கு உதவ வேண்டும்.

கடைசியாக ஒரு சான்று. மினியாப்பொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளி, டகோட்டா பழங்குடி மக்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முழங்கிய பழைய ஆளுநரின் பெயரைத் தாங்கி நின்றது. அதை மாற்ற வேண்டும் என்று மாணவர்களே முன்னின்றார்கள். 2017இல் வந்த புதிய பெயர், ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி. அவர் களத்தில் ஆடியபோது அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. வைக்கிங்ஸ் அணியில் அவர் அணிந்த 88ஆம் எண் சட்டைதான் அவருடைய பெருமை என்றால், அந்தப் பிள்ளைகள் ஏன் அவரை நீதியரசர் என்று அழைக்கிறார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.