ஐந்து நிமிடமும் அரை மணி நேரமும்

அன்பு நண்பர்களே,

அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரபு, முஸ்லிம் ஸ்டாண்ட்-அப் (மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும்) கலைஞர்கள் மேலே வந்த வரலாற்றைப் பலரும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலிலிருந்து தொடங்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அரசியலை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். ஒரு கலைஞருக்குத் தொலைக்காட்சி எத்தனை நிமிடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் சொல்லும் ஜோக்கும் மாறுகிறது.

இரவு நேர நிகழ்ச்சிகளில் ஒரு புதியவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5 நிமிடம். சொல்லப்போகும் ஜோக்குகளை நிகழ்ச்சிக்காரர்கள் முன்பே பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மேடையேறிய அரை நிமிடத்துக்குள் முதல் சிரிப்பு விழுந்தாக வேண்டும். அஹமத் என்ற பெயரை அறிவித்ததுமே அரங்கம் கொஞ்சம் இறுகிவிட்ட காலம் அது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத கூட்டம் சிரிக்காது. அதனால் முதல் ஜோக் பெயரைப் பற்றி, இரண்டாவது விமான நிலையத்தைப் பற்றி.

"எப்போதும் இதே விமான நிலைய ஜோக்தானா?" என்று அன்று குறைப்பட்டவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமற்றது என்பேன். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் தெரியும், விளக்கமே வேண்டாம். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவைப் பற்றி ஜோக் சொல்ல வேண்டுமானால், ஒளு என்றால் என்ன, எந்த உறுப்புகளை எந்த வரிசையில் கழுவ வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டும். விளக்கம் நீண்டால், சிரிக்க வைக்கும் கடைசி வரியான பஞ்ச்லைன் செத்துவிடும். 5 நிமிடத்தில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

தொலைக்காட்சி கதவைத் திறக்கும் முன்பே பயிற்சிக் களம் தயாராகிவிட்டது. நகைச்சுவைக் கலைஞர்கள் டீன் ஒபைதல்லாவும் மைசூன் ஸாயிதும் 2003-இல் நியூயார்க்கில் அரபு-அமெரிக்க நகைச்சுவை விழாவைத் தொடங்கினார்கள். 2002-இல் அதிபர் புஷ் ஈரான், இராக், வட கொரியா மூன்றையும் 'தீமையின் அச்சு' என்றார். அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டு அஹமத் அஹமத், மாஸ் ஜோப்ரானி, ஏரன் காதர், ஒபைதல்லா ஆகியோர் ஊர் ஊராகப் போனார்கள். 2007-இல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி அவர்களுடைய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஒருவர் மட்டும் வந்திருந்தால் மொத்தச் சமூகத்தின் பாரமும் அவர் தலையில் ஏறியிருக்கும். நால்வர் அடுத்தடுத்து வந்ததால், எகிப்தியரும் ஈரானியரும் பாலஸ்தீனரும் ஒன்றல்ல என்பது தானாகவே விளங்கியது.

உண்மையான மாற்றம் அரை மணி நேரத் தொடர்களோடு வந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அஸீஸ் அன்சாரி, 2015-இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் தன் சொந்தப் பெற்றோரையே நடிக்க வைத்தார். 2017-இல் வந்த ஓர் அத்தியாயம் முழுவதும் பன்றி இறைச்சியும் பெற்றோரின் மனவருத்தமும்தான். விமான நிலையத்தின் உதவியே தேவைப்படவில்லை. வீட்டுக்குள் நடக்கும் சண்டை போதுமானதாக இருந்தது.

2019-இல் ஹுலு என்ற இணையத் திரைத்தளத்தில் வந்த 'ரமி' தொடரில், பள்ளிவாசலில் ஒளு செய்யும் ரமியிடம் ஒரு பெரியவர், கால்விரல் இடுக்குகளைச் சரியாகக் கழுவவில்லை என்று கண்டிக்கிறார். 5 நிமிடத்தில் சொல்ல முடியாதிருந்த அதே ஒளு! விளக்கவுரை கிடையாது; தண்ணீர், கால், பெரியவரின் கண்டிப்பு, அவ்வளவுதான். தெரிந்தவர் உடனே சிரிக்கிறார், தெரியாதவர் பார்த்துப் புரிந்துகொள்கிறார். ரமியாக நடித்த ரமி யூசெஃபுக்கு 2020 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

அவரும் நகைச்சுவைக் கலைஞர் மோ ஆமிரும் சேர்ந்து உருவாக்கிய 'மோ' தொடர் 2022-இல் வந்தது. ஹூஸ்டன் நகரத்துப் பாலஸ்தீன அகதி ஒருவர் ஆங்கிலம், அரபு, ஸ்பானிஷ் மூன்றிலும் பேசுகிறார். கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸில் சாக்லேட் கலந்து சூப்பர் மார்க்கெட்டில் வைத்திருப்பதைக் கண்டு அவர் பொங்குவதைப் பார்க்க வேண்டும். ஹம்மஸின் வரலாற்றை யாரும் அங்கே சொல்லித் தருவதில்லை.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நான் சொன்ன மூன்று தொடர்களுக்கும் நாயகர்கள் ஆண்கள். 2003-இல் அந்த நகைச்சுவை விழாவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மைசூன் ஸாயித் பெண். மேடையில் பயின்று தேர்ந்த அரபு, முஸ்லிம் பெண்களுக்கு அந்த அரை மணி நேரத்தை எப்போது தரப்போகிறீர்கள் என்று தயாரிப்பாளர்களிடம் உரக்கவே கேட்க வேண்டும்.