புதுக் கட்டடத்துக்கு ஊருக்கு வெளியே இடமா, உள்ளே பழைய மனையா? சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவில் பசுமைக் கட்டடங்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "100 பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்று கட்டப்போகிறோம். இரண்டு இடங்கள் கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்று ஊரைவிட்டு 15 கிலோமீட்டர் தள்ளி, மரங்களோடு விசாலமான இடம். இன்னொன்று ஊருக்கு நடுவில், மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் சின்ன மனை. அங்கே மண் கெட்டிருக்குமோ என்று பயம். வெளியே போனால் சோலார், மழைநீர்ச் சேமிப்பு எல்லாம் தாராளமாகச் செய்யலாமே, எது சரி?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மண் பரிசோதனையில் பெரிய சிக்கல் வராவிட்டால், ஊருக்குள் இருக்கும் அந்தப் பழைய மனைதான் என் தேர்வு.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஊருக்குள்ளிருந்து 15 கிலோமீட்டர் என்றால் போக வர 30. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வையுங்கள். 100 பேரும் தனித்தனியாகக் காரில் வந்தால் 7,50,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தாலும் 50,000 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியானால் ஆண்டுக்கு 115 டன். சரி, எல்லோருமா தனிக் காரில் வருவார்கள்? பாதியாக்கிக்கொள்ளுங்கள், அப்போதும் 57 டன்னுக்கு மேல். கட்டடம் நிற்கும் காலமெல்லாம் வருடா வருடம் இது நடக்கும். கட்டடத்தின் கரன்ட் பில்லில் ஒரு வரி கூட வராது என்பதால் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கூரை முழுக்க சோலார் வைத்துவிட்டு, வாசலில் பெரிய கார் நிறுத்துமிடம் கட்டுவதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பசுமைக் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுக்கும், அமெரிக்காவில் தொடங்கிய லீட் (LEED) தரச்சான்று, 2013-இல் வந்த நான்காம் பதிப்பில், இடத்தையும் போக்குவரத்தையும் தனிப் பிரிவாகவே வைத்தது. பொதுப் போக்குவரத்துக்கான மதிப்பெண் பெற, வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் சுமார் 400 மீட்டருக்குள் அல்லது ரயில் நிலையம் 800 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அதில் வருகிறது. வரைபடத்தில் கோடு போட்டு அளக்கும் தூரமல்ல, நடக்கும் தூரம். நீங்களே ஒரு தடவை உச்சி வெயிலில், ஒரு தடவை இருட்டிய பிறகு நடந்து பாருங்கள். நடுவே பெரிய சாலையைக் கடக்க வழியில்லை என்றால், 200 மீட்டர் தூரமும் யாருக்கும் பயன்படாது.

அடுத்தது தண்ணீர். இது இரண்டு மனைக்குமே பொருந்தும். வெள்ளம் வரும் இடமா என்று கேட்டால், '100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்' என்று சமாதானம் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 100-இல் 1 பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் கணக்கு. 30 ஆண்டு நிற்கும் கட்டடம் அதை ஒருமுறையாவது சந்திக்க 26 சதவீதம் வாய்ப்பு, 50 ஆண்டு என்றால் ஏறக்குறைய 40 சதவீதம். வெறும் நிலமாக இருந்தபோது பெய்த மழையில் பத்தில் ஒரு பங்குதான் மேலோடு ஓடும். கான்கிரீட்டும் தாரும் நிலத்தை முக்கால்வாசிக்கு மேல் மூடிவிட்டால் பாதிக்கு மேல் ஓடத் தொடங்கும். நீங்கள் வெளியே போய்க் கட்டினால், அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் யாரோ ஒருவர் வாசலுக்குத்தான் போகும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய சுவரை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணுக்குள் துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், வருடத்தில் சில காலம் அந்த ஆழம் வரை தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். கோடையில் மண் காய்ந்து கிடந்தாலும் அந்தப் புள்ளிகள் அழியாது. அப்புறம், பக்கத்துக் கட்டடங்களின் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் கோரையும் நாணலும் முளைத்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இப்போது நீங்கள் பயப்படும் விஷயம், கெட்டுப்போன மண். பயம் நியாயமானதுதான், ஆனால் அது தீர்க்கக்கூடியது. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா எழுந்தது பழைய தொழிற்பேட்டை நிலத்தில். தார், எண்ணெய், கன உலோகங்கள் எல்லாம் ஊறிக் கிடந்த மண்ணைத் தோண்டி, அங்கேயே கழுவிச் சுத்தம் செய்து, பெரும்பகுதியை அதே இடத்தில் திரும்பப் போட்டார்கள். உங்கள் மனைக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதியுங்கள். ஈயம், குரோமியம், எண்ணெய், எந்திரங்களைத் துடைக்கப் பயன்பட்ட கரைப்பான்கள் ஆகியவற்றைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். கரைப்பான்கள் ஆவியாகித் தரை விரிசல் வழியே அறைக்குள் ஏறும். லேசாக இருந்தால் தளத்துக்கு அடியில் ஆவித் தடுப்பு விரிப்பும் வெளியேற்றுக் குழாயும் போட்டுச் சமாளிக்கலாம். ஆழமாகப் பரவி நிலத்தடி நீரிலும் கலந்திருந்தால், அந்த மனையை விட்டுவிடுங்கள். அப்போதும் 15 கிலோமீட்டர் தள்ளிப் போகாமல், ஊருக்குள் வேறு மனை தேடுங்கள். மனையில் நிற்கும் பழைய கட்டடத்தின் அஸ்திவாரமும் தூண்களும் உறுதியாக இருந்தால், இடிக்காமல் அப்படியே பயன்படுத்த முடியுமா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்குப் போகும் சிமென்டிலும் இரும்பிலும் கணிசமான பகுதி அங்கேதான் போகிறது.

மழைநீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மண் முழுக்கச் சுத்தம் என்று உறுதியாகும் வரை அந்த மனையில் உறிஞ்சு குழி மட்டும் வெட்டாதீர்கள். இறங்கும் தண்ணீர் மண்ணில் இருக்கும் நஞ்சையும் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டு போய்விடும். கூரைத் தண்ணீரைக் கசிவில்லாத தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் பயன்படுத்துங்கள்.