பழ ஈயும் பாட்டில் கழுவிய மாணவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை இரண்டு நாள் மேசைமேல் விட்டுவைத்தால் எங்கிருந்தோ குட்டி ஈக்கள் வந்து சுற்றும். கையை வீசினால் விலகும், மறுபடி வரும். அந்தப் பழ ஈயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஈயைப் பற்றிப் பாதி, அதை வைத்து மாணவர்களை வளர்த்த ஆசிரியர்களைப் பற்றிப் பாதி. இந்த இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வராது.

ஏன் ஈ? பெற்றோர் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று ஆராய்வதுதான் மரபியல். அதை மனிதர்களை வைத்துச் செய்வது பெரும்பாடு. ஒரு தலைமுறைக்கே இருபது, முப்பது வருஷம் ஆகிறது. நாம் சொன்னபடி யாரும் கல்யாணம் செய்துகொள்ளவும் மாட்டார்கள். ஈ அப்படியில்லை. முட்டை முழு ஈயாகப் பத்து நாள் போதும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இப்படி ஓர் உயிரை ஆராய்ந்து மற்ற உயிர்களையும் புரிந்துகொள்ள முடிந்தால் அதை மாதிரி உயிரி என்கிறோம். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் 75 சதவீதத்துக்கு ஒத்த மரபணு ஈயிடமும் உண்டு. பழத்தட்டில் சுற்றுவது அவ்வளவு தூரத்து உறவில்லை.

சரி, நியூயார்க்குக்குப் போவோம். ஆண்டு 1910. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வறை. 16 அடிக்கு 23 அடி, அவ்வளவுதான். அதற்குள் எட்டு மேசை, வரிசை வரிசையாகப் பால் பாட்டில், அழுகிய வாழைப்பழ வாசனை. அங்கே ஒரு பாட்டிலில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தென்பட்டது. சாதாரண ஈயின் கண் செங்கல் சிவப்பு. மார்கன் அந்த ஆண் ஈயைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். குஞ்சுகள் அநேகமாக எல்லாமே சிவப்புக் கண். அவற்றுக்குப் பிறந்தவற்றில் வெள்ளைக் கண் திரும்பி வந்தது, ஆனால் ஆண்களுக்கு மட்டும். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளைக் குரோமோசோம் என்கிறோம். கண் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு, ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், மரபுக் குணங்கள் குரோமோசோம் வழியாகத்தான் வருகின்றன என்ற கொள்கையை அதுவரை மார்கனே நம்பாதவர்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கால்வின் பிரிட்ஜஸ் என்று ஓர் இளங்கலை மாணவர். பாட்டில் கழுவும் வேலைக்குத்தான் அந்த அறைக்கு வந்தார். ஈயின் நீளம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணைப் பார்க்க மற்றவர்களுக்கு லென்ஸ் வேண்டும். பிரிட்ஜஸ் பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாக, வெறும் கண்ணால், ஓர் ஈயின் கண் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டார். அது புதிய சடுதி மாற்றம், அதாவது மரபணுவில் திடீரென்று வந்த மாற்றம். 'உன் வேலை கழுவுவது' என்று மார்கன் சொல்லவில்லை, ஆய்வு உதவியாளராக்கிக்கொண்டார்.

பக்கத்தில் இன்னொரு மாணவர், ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். இவருக்கு நிறக்குருடு. ஈயின் கண் நிறம்தான் பிழைப்பு என்று இருக்கும் அறையில் நிறக்குருடர்! மார்கன் அவரையும் விடவில்லை. 1911இல் ஒரு நாள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டர்டிவன்டுக்குப் பொறி தட்டியது. ஒரு நீளக் கயிற்றில் பல முடிச்சுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஓரிடத்தில் வெட்டினால், தள்ளித் தள்ளி இருக்கும் முடிச்சுகள் பிரிவதற்கு வாய்ப்பு அதிகம், பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் பிரிவது அரிது. குரோமோசோம் என்ற கயிற்றில் மரபணுக்களும் அப்படித்தான். எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்று எண்ணினால் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கல்லூரி வீட்டுப்பாடத்தை ஓரம் கட்டிவிட்டு ராத்திரி பெரும்பகுதி உட்கார்ந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். 1913இல் கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர் ஸ்டர்டிவன்ட். மார்கன் பெயர் கூடவே இல்லை!

இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். மாணவன் யோசித்தால் மாணவன் பெயரில் வர வேண்டும். 1916இல் பிரிட்ஜஸின் பெரிய கட்டுரையும் அவர் பெயரில் மட்டும்தான் வந்தது. 1933இல் மார்கனுக்கு நோபல் கிடைத்தபோது, பரிசுப் பணத்தைத் தன் பிள்ளைகளோடு இந்த இருவரின் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார்.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. அதே அறையில் இருந்த ஹெர்மன் முல்லருக்குத் தன் யோசனைகளுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று 1927இல் காட்டி, 1946இல் நோபல் வாங்கியவர் அவர். கலகலப்பாக எல்லோரும் பேசும் அறையில் முதலில் சொன்னது யார் என்பது கரைந்துபோகும். ஆகவேதான் பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு அடம்பிடிக்கிறேன்.

ஈ வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கலப்புக்குக் கன்னிப் பெண் ஈ வேண்டும். கூட்டிலிருந்து வந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், தாமதித்தால் பக்கத்து ஆண் ஈ முந்திக்கொள்ளும். ஈக்கள் வெளிவருவது பெரும்பாலும் விடிகாலையில், ஆகவே மாணவர்களும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். அந்த விடிகாலையை நிர்ணயிக்கும் மரபணு எது? கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரின் மாணவர் ரொனால்ட் கொனொப்கா இதைத் தேடினார். இப்படி ஒற்றை மரபணு கிடைக்கவே கிடைக்காது என்றார்கள் பெரியவர்கள். பென்சர் தேட விட்டார். 1971இல் இருவரும் வெளியிட்டார்கள். ஒரு வகை ஈக்கு ஒரு நாள் 19 மணி, ஒன்றுக்கு 28, இன்னொன்றுக்குக் கணக்கே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில் வந்த கோளாறு. அந்த மரபணுவைப் பிடித்து, உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று காட்டியவர்களுக்கு 2017இல் நோபல் கிடைத்தது.

அப்புறம் புழு... நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னி பிரென்னர் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவைத் தேர்ந்தெடுத்தார். கண்ணாடிபோல உடல், வளர்ந்தபின் 959 உடல் செல். அவருடைய ஆய்வகத்தில் ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியில் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லும் எங்கிருந்து பிறந்தது என்று பின்தொடர்ந்தார். அங்கேயே வேலை பழகிய ராபர்ட் ஹார்விட்ஸ், செல்கள் குறித்த நேரத்தில் சாவதற்கும் மரபணு உண்டு என்று கண்டார். 2002 நோபல் மூவருக்கும் சேர்த்துத்தான். ஈஸ்ட்டையும் வரிக்குதிரை மீனையும் பற்றி எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது, நேரமில்லை. வணக்கம்.