போன் வீடு திரும்பிய பிறகுதான் வகுப்பு: 2020ஆம் ஆண்டுக் குறிப்பேடு

வணக்கம் நண்பர்களே. வெளியே மழை பெய்கிறது, இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை சென்ற வாரம் கேட்டார், "டீச்சர், கொரோனா நேரத்தில் எந்த ஆப்பில் பாடம் நடத்தினீர்கள்?" பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆப்பின் பெயரைச் சொன்னால் அந்த ஆண்டைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. அன்று மாலையே பரணில் ஏறி இந்தக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம் கணக்கு ஆசிரியை. 2020 மார்ச் 24, பிளஸ் டூ பொதுத்தேர்வின் கடைசி நாள். தேர்வறைப் பணியை முடித்து வீட்டுக்கு வந்தேன். மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சாக்பீஸ் தூள் படிந்த கைப்பையை அப்படியே ஆணியில் மாட்டினேன். பல மாதங்களுக்கு அது அங்கேயே தொங்கியது.

ஜூலையில் பத்தாம் வகுப்புக்கு ஆன்லைன் பாடம் தொடங்கினேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கண்ணாடித் தட்டு ஒன்றைக் கழற்றி, இரண்டு அரிசி டப்பாக்களின் மேல் வைத்தேன். தட்டின் மேல் போன், தட்டுக்குக் கீழே நோட்டு. கண்ணாடி வழியாகப் போன் பார்க்க, நான் கீழே எழுதுவேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாடு முழுக்க ஆசிரியர்கள் இப்படித்தான் ஏதேதோ செய்துகொண்டிருந்தார்கள். புனேயில் ஒரு வேதியியல் ஆசிரியை துணி மாட்டும் ஹேங்கரில் போனைக் கட்டிக் கரும்பலகையில் பாடம் நடத்திய படம் அப்போது எல்லோர் கைக்கும் வந்தது. எனக்கு அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

ஆனால் 38 பிள்ளைகளில் நேரலைக்கு வந்தவர்கள் 11 பேர். மற்ற 27 பேர் எங்கே?

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினேன். பாருங்கள், மூன்று பத்திகள்: பெயர், யாருடைய போன், எப்போது வீட்டில் இருக்கும். "அப்பா போன். லாரி. ஞாயிறு மட்டும்." "பக்கத்து வீட்டு அக்கா போன், இரவு 8க்கு மேல்." "தம்பிக்கும் இதே போன், காலையில் அவனுக்கு வகுப்பு." "பட்டன் போன்." இந்தப் பக்கத்தை நிரப்பி முடித்த அன்று காலை வகுப்பைக் கைவிட்டேன். அப்பாவோடு வேலைக்குப் போன போன் எப்போது வீடு திரும்புகிறதோ, அப்போதுதான் என் வகுப்பு. இரவு ஒன்பது மணி.

வீடியோவையும் விட்டுவிட்டேன். ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவில் அண்ணன், தங்கை, அப்பா எல்லோருக்கும் பங்கு உண்டு. குரல் பதிவுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பதிவுக்கு ஒரே ஒரு படி, மூன்று நிமிடத்துக்குள். பட்டன் போன் பிள்ளைகளுக்கு அதையே அழைத்துச் சொல்வேன். கல்வித் தொலைக்காட்சியில் எங்கள் பாடம் வரும் நாட்களில், காலையிலேயே அம்மாக்களுக்குப் போன் செய்து நேரத்தைச் சொல்லிவிடுவேன். அது பெரிய உதவி, மின்சாரம் இருந்தால்.

எனக்கு உண்மையில் கைவிட்டுப் போனது பிள்ளைகளின் முகம். வகுப்பில் புரியாத பிள்ளையின் பேனா எந்த வரியில் நிற்கிறது என்பதை மேசையிலிருந்தே கண்டுகொள்வேன். போனில் எல்லோரும் "புரிந்தது மிஸ்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கும். ஆகஸ்டில் ஒரு வழி கண்டேன். கணக்கை வேண்டுமென்றே தவறாகச் செய்து அனுப்புவேன். எங்கே தவறு என்று அவர்கள் சொல்ல வேண்டும். காரணிப்படுத்தல் நடத்தியபோது, "பெருக்கினால் 6, கூட்டினால் மைனஸ் 5. அந்த எண்கள் 2, 3" என்று பதிவிட்டேன். "புரிந்தது மிஸ்" வரிசையாக வந்து விழுந்தது. இரவு 9.40க்கு ஒரு பெண்ணின் குரல், பின்னால் விசைத்தறி ஓடும் சத்தம். "மிஸ், பெருக்கினால் 6 சரி. கூட்டினால் மைனஸ் வரவில்லையே? இரண்டுக்கும் மைனஸ் போட வேண்டாமா?" அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அன்றுதான் நான் மறுபடி ஆசிரியை ஆனேன்.

தனியார் பள்ளியில் இருந்த என் தோழிக்கு அந்த மாதங்களில் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. காலையில் காய்கறி விற்றுவிட்டு வந்து வகுப்பு எடுத்தாள். எனக்கு மாதச் சம்பளம் வந்தது. என் கஷ்டத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. அறைக்கு 25 பேர், எல்லோருக்கும் முகக்கவசம். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சந்தேகம் கேட்டாள். அந்த ஆண்டுதான் வேறு பள்ளியிலிருந்து வந்தவள், நான் பார்த்ததே இல்லை. தறிச் சத்தம் இல்லாததால் குரலை அடையாளம் காண ஒரு கணம் ஆனது.

பிப்ரவரி 25 அன்று 9, 10, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வில்லாமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். இதோ, குறிப்பேட்டில் இந்த ஒரு பையனின் வரியில் மட்டும் 'யாருடைய போன்' என்ற பத்தி காலி. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் அவனும் தேர்ச்சிதான். பதினொன்றில் சேர அவன் வரவில்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது இருந்தால் ஐடிஐயில் சேரலாம். கணக்கு மறந்துவிட்டது என்று தயங்கினால், இரவு ஒன்பது மணிக்கு என்னோடு பேசச் சொல்லுங்கள்.